மிட்வெஸ்ட் கிராமங்களில் நாம் பழகிய முன்னாள் படைவீரர்கள்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

வாட்டர்லூக்காரன்

அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா, மின்னசோட்டா என்று வேலைக்காக வந்து சோளக்காட்டுக்கு நடுவே குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கிறோம். நமக்கெல்லாம் வீட்டுக்காரராகவோ, பக்கத்துப் பண்ணைக்காரராகவோ, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து ஓட்டுநராகவோ ஒரு பெரியவர் வாய்த்திருப்பார். அவர் ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்திருக்கும். அவர்களைப் பற்றி இங்கே எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், சின்ன ஊர் என்றால் ஊர்ப் பெயரும் வேண்டாம். ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

டிராக்டர் தொழிற்சாலை வேலைக்காக வாட்டர்லூ வந்தபோது, நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். சரளை போட்ட சாலை. சாலைக்கு எதிர்ப்பக்கம் அவருடைய வீடு, வரிசையாகத் தானியக் குதிர்கள், ஒரு பெரிய தகரக் கொட்டகை. சுற்றிலும் ஒரு வருடம் மக்காச்சோளம், அடுத்த வருடம் சோயா.

பேச்சு குறைந்த மனிதர். ஆனால் பயிரைப் பற்றி ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. ஒரு செப்டம்பர் சாயங்காலம் வயலோரம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு கதிரை ஒடித்து, தோகையை உரித்து, இரண்டாக முறித்தார். நடுவிலிருந்து ஒரு மணியைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்து, அதன் அடிநுனியைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஒரு புள்ளி. அது விழுந்துவிட்டால் செடியிலிருந்து மணிக்கு இனி எதுவும் போகாது, காய வேண்டியதுதான் பாக்கி என்றார். அந்த நேரத்தில் மணியில் முப்பது சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். குதிரில் போட்டு வைக்க 15 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். வயலிலேயே காயட்டும் என்று விட்டால் காற்றுக்குத் தட்டை சாய்ந்துவிடும். அவசரப்பட்டு அறுத்தால் உலர்த்துவதற்கு காஸ் செலவு. அக்டோபர் முழுக்க அவருக்குத் தூக்கம் போவது இந்தக் கணக்கில்தான்.

அவர் 1949-இல் பிறந்தவர். 1969 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவைக்குக் குலுக்கல் நடந்தது. வருடத்தின் 366 தேதிகளையும் நீல நிறக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களுக்கான குலுக்கல் அது. முதலில் வந்த தேதி செப்டம்பர் 14; வந்த வரிசைப்படியே அந்தந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு எண். கடைசியில் 195-ஆம் எண் வரை அழைப்பு போனது. இவருக்கு விழுந்தது இரண்டு இலக்க எண். மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டே ரேடியோவில் கேட்டாராம். அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாட்டுக்கு நகர்ந்துவிட்டாராம்.

பத்து வயதிலிருந்து டிராக்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவரை, ராணுவம் ஹியூயி ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் வேலையில் போட்டது. வியட்நாமில் ஒரு வருடம். 1971 வசந்தத்தில் ஊருக்கு வந்தார், அந்த வாரமே விதைப்பில் இறங்கினார். வரவேற்பும் கிடையாது, யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது கொட்டகையில், கம்பைன் என்கிற அறுவடை இயந்திரத்தின் பேரிங் மாற்றும்போது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வேலையில் இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும்.

இவர்களைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குப் போர்க்கதை கேட்கத்தான் ஆசை. எனக்குத் தெரிந்தவரை இவர் வாழ்க்கையில் ரொம்பக் கஷ்டமான காலம் வியட்நாம் இல்லை. 1980-கள்தான்.

1979-இல் கடன் வாங்கி எண்பது ஏக்கர் வாங்கினார். அப்போது எல்லாரும் வாங்கினார்கள், வாங்குங்கள் என்று வங்கிகளே கூப்பிட்டுக் கொடுத்தன. 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்பதை அதிபர் கார்ட்டர் நிறுத்தினார். அந்த வருடக் கடைசியில் வங்கிகளின் அடிப்படை வட்டியே 21.5 சதவீதம். அயோவாவில் 1981-இல் ஏக்கருக்குச் சராசரியாக 2,147 டாலர் போன நிலம், 1986-இல் 787 டாலர். நிலத்தின் மதிப்பு கடனுக்குக் கீழே போய்விட்டது. பண்ணைகள் ஏலம் போனபோது விவசாயிகள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் வாசலில் வெள்ளைச் சிலுவைகளை நட்டார்கள். இவரும் நட்டிருக்கிறார்.

எண்பது ஏக்கரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் 160 ஏக்கரை மட்டும் காப்பாற்றிக்கொண்டார். மனைவி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைவிடக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பதுதான் முக்கியக் காரணம். இங்கே பாதிப் பண்ணை வீடுகளில் இன்றைக்கும் இதே கதைதான். இவர் விடியற்காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டினார். மூன்று பிள்ளைகளும் அதே பேருந்தில்தான் போனார்கள்.

அந்த வருடங்களில் இவருடைய பள்ளித் தோழர் ஒருவர், அவரும் வியட்நாம் போய் வந்தவர், பண்ணை கைவிட்டுப் போன மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். போரில் இறந்தவர்களைப் பற்றி அபூர்வமாகப் பேசும்போது இவர் குரல் நிதானமாகவே இருக்கும். இந்த நண்பரைச் சொல்லும்போது மட்டும் முடியாமல் போய்விடும். "அங்கே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இங்கே அவனை யாரும் பார்க்கவில்லை" என்றார்.

பிற்பாடு அவர் செய்ததெல்லாம் இந்த வார்த்தையிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர்கள் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்தார். கண் தெரியாத, கார் ஓட்ட முடியாத பழைய வீரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு அயோவா சிட்டியில் இருக்கும் வி.ஏ. என்ற முன்னாள் வீரர் நலத்துறையின் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருவார். காசு எதுவும் கிடையாது. பனி கொட்டும் பிப்ரவரியிலும் போவார். வேனில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டதற்கு, சோள விலை என்றார்.

சில வருடங்களுக்கு முன் அறுவடை தொடங்கும் நேரத்தில் இவருக்கே இதய அறுவை சிகிச்சை. பயிர் நிற்கிறது, மகன் டெ மாய்னில் வேலையில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சரளைச் சாலையில் ஒரே சத்தம். வெளியே வந்து பார்த்தால் வரிசையாகக் கம்பைன்கள், தானிய வண்டிகள், லாரிகள். பச்சையும் சிவப்புமாக எல்லாக் கம்பெனி இயந்திரங்களும். சொந்தப் பயிர் வயலில் நிற்க, அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பெண்கள் எங்கள் வீட்டுச் சமையலறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி அன்றைக்குப் போட்ட காபிக்குக் கணக்கே இல்லை. பொழுது சாய்வதற்குள் அவ்வளவு சோளமும் எலிவேட்டர் என்கிற தானியக் கொள்முதல் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்து, எடைச் சீட்டுகள் ஒரு காபி டப்பாவில் அவர் மனைவியின் கைக்கு வந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இருந்த மனிதர் போனில் கேட்ட ஒரே கேள்வி: "ஈரம் எவ்வளவு?"

சரி, நான் நீட்டிவிட்டேன். நீங்கள் எழுதுங்கள்.

கிராமத்து டாக்டர், நெப்ராஸ்கா

நல்ல இழை, அண்ணா. நான் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில் குடும்ப மருத்துவர். விசா நிபந்தனைக்காக மூன்று வருடம் என்று வந்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். நோயாளி யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கிளினிக்கில் மழை பெய்தால் கூட்டம். வெயில் அடித்தால் ஆண்கள் யாரும் வர மாட்டார்கள், வயலில் இருப்பார்கள். இந்தப் பெரியவரை மனைவிதான் இழுத்துக்கொண்டு வருவார். சர்க்கரை அளவை அந்த அம்மா ஒரு விதைக் கம்பெனி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார். இடது பக்கம் மழை எத்தனை அங்குலம், வலது பக்கம் புருஷனின் சர்க்கரை. நாற்பது வருடமாக மழைக் கணக்கு எழுதிய கை, சர்க்கரையையும் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது.

வியட்நாம் போனவர் என்பது எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். கேட்டேன். ஆமாம் என்றார், அவ்வளவுதான். ஏஜென்ட் ஆரஞ்சு அடித்த பகுதியில் இருந்தீர்களா என்று கேட்டேன். ஆரஞ்சுக் கோடு போட்ட பீப்பாய்களை உருட்டியிருக்கிறேன் என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1962 முதல் 1971 வரை அமெரிக்க ராணுவம் வியட்நாமில் காடுகளின் இலையை உதிர்க்க விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தது. அதில் அதிகம் பயன்பட்டது ஏஜென்ட் ஆரஞ்சு. 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளின் சரிபாதிக் கலவை. இரண்டாவதில் கலந்திருந்த டையாக்சின்தான் பெரிய விஷம். அந்த மண்ணில் வாழ்ந்த வியட்நாமிய மக்கள் பட்டது இவர்கள் பட்டதைவிடப் பல மடங்கு, அதையும் மறக்கக் கூடாது. வியட்நாமில் பணியாற்றிய ஒருவருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே அரசு 2001 முதல் ஏற்றுக்கொள்கிறது, தனியாக நிரூபிக்க வேண்டாம். பார்க்கின்சன், சில இதய நோய்கள், சில புற்றுநோய்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த பாக்ட் சட்டம் ரத்தக் கொதிப்பையும் சேர்த்தது.

இவருக்கு இது எதுவும் தெரியாமல் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். "என்னைவிட மோசமாக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் அவர்களுக்குப் போகட்டும்" என்பார். நான் அவரிடம், நீங்கள் விண்ணப்பம் போட்டால் வேறு யாருடைய பங்கும் குறையாது என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. பக்கத்தில் இருந்த அந்த அம்மா நோட்டை மூடிவிட்டு, "நீங்கள் போய்விட்டால் எனக்கு என்ன?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. பணியால் வந்த நோயில் கணவர் இறந்தால் மனைவிக்கு மாத உதவித்தொகை உண்டு, ஆனால் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். அடுத்த மழை நாளில் இருவரும் கவுண்டி அலுவலகம் போனார்கள். நெப்ராஸ்காவில் ஒவ்வொரு கவுண்டியிலும் முன்னாள் வீரர்களுக்கு உதவ ஓர் அதிகாரி உண்டு. அவர் உட்கார வைத்து எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று என் மனதை விட்டுப் போகாதது. ஏஜென்ட் ஆரஞ்சின் ஒரு பாதியான அந்த 2,4-டி தடை செய்யப்பட்ட மருந்து இல்லை. இன்றும் புல்வெளிக்கும் சோளத்துக்கும் அடிக்கிறார்கள். இந்தப் பெரியவர் ஊர் திரும்பிய பிறகு ஐம்பது வருடமாகத் தன் கையால் அதை அடித்துக்கொண்டிருந்தார். டாங்கைத் திறந்ததும் வரும் வாசனை அவரை எங்கே கொண்டுபோகும் என்று ஒரே ஒரு முறை சொன்னார். அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

மின்னசோட்டாவில் புதிது

நான் வந்து அதிக காலம் ஆகவில்லை, பெரிய அனுபவம் எதுவும் இல்லை. எதிரே வரும் பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார், தெரியாதவர்களுக்கும்கூட. அதற்கு நாமும் தூக்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன். பெரியவர்களிடம் ஒரு கேள்வி: ஒருவர் முன்னாள் வீரர் என்று தெரிந்தால் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது? போர் பற்றிக் கேட்கலாமா? மெமோரியல் டே என்ற நினைவு நாள் நிகழ்ச்சிக்கு நம்மைப் போன்றவர்கள் போகலாமா?

சீடர் ராப்பிட்ஸ் சகோதரி

முன்னாள் வீரர் என்றாலே வயதானவர் என்று எல்லாரும் நினைக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அயோவா நேஷனல் கார்டில், அதாவது மாநிலத்தின் பகுதிநேரப் படையில் இருந்தவர். 2010-இல் சிவப்புக் காளைச் சின்னம் போட்ட 34-ஆம் டிவிஷனின் அயோவாப் படைப்பிரிவு சுமார் 2,800 பேரோடு ஆப்கானிஸ்தான் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அயோவாவிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை பேர் போனது அப்போதுதான். இவர் போகும்போது மூத்த பெண் கைக்குழந்தை. இப்போது நான்கு பிள்ளைகள், பன்றிப் பண்ணை.

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அடித்த டெரேச்சோ புயலை இங்கே இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். பட்டப்பகலில் வானம் இருண்டு, மணிக்கு 140 மைல் வரை காற்று. நகரத்தின் மரங்களில் பாதிக்கு மேல் போயின. தானியக் குதிர்கள் கசக்கிப் போட்டமாதிரி கிடந்தன. மின்சாரம் இல்லை, போன் இல்லை. என் கணவர் வேலை விஷயமாக வெளியூரில். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவும். கொரோனா சமயம், விமானம் இல்லாமல் அம்மா திரும்பிப் போக முடியாமல் இருந்தார்.

காற்று நின்ற கொஞ்ச நேரத்தில் இந்தத் தம்பி ஒரு நோட்டுடன் வந்தார். முதலில் ஜெனரேட்டரைப் போட்டுப் பன்றிக் கொட்டகையின் காற்றாடிகளை ஓடவிட்டுவிட்டு வந்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில் அது நின்றால் உள்ளே இருக்கும் பன்றிகள் செத்துவிடும். வாசலில் நின்று மூன்றே கேள்வி கேட்டார். யாருக்காவது அடிபட்டதா? குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறதா? குழந்தைக்குப் பால் இருக்கிறதா? அம்மாவின் இன்சுலினைச் சொன்னேன். நான் "அம்மா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, இன்சுலின் பெட்டியின் அட்டையில் பேனாவால் அப்படியே எழுதிக்கொண்டார். அந்தப் பெட்டி, பன்றிகளுக்கு ஊசி மருந்து வைக்கும் அவருடைய குளிர்ப்பெட்டியில் மேல் தட்டுக்குப் போனது. வேளாவேளைக்கு அவருடைய மூத்த பெண் ஐஸ் டப்பாவில் எடுத்து வருவாள். இப்படியே எங்கள் சாலையில் எல்லா வீட்டுக்கும் போய், யாருக்கு ஆக்ஸிஜன் இயந்திரம், யாருக்கு டயாலிசிஸ் என்று பட்டியல் போட்டுவிட்டார். சங்கிலி ரம்பத்தை எடுத்தது அதற்குப் பிறகுதான். எல்லாரும் முதலில் மரத்தை வெட்டத்தான் ஓடினார்கள்.

மின்சாரம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. என் அம்மா அவருடைய முகாம் அடுப்பில் தக்காளி சாதம் கிளறி, அவர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து வரிசையாக உட்கார வைத்துப் போட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவரை "தம்பி, தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஜூலை 4-ஆம் தேதி மட்டும் அந்தக் குடும்பம் ஊரில் இருக்காது. 2017 முதல் அயோவாவில் வீட்டிலேயே பட்டாசு வெடிக்க அனுமதி உண்டு. அந்த வாரம் கூடாரத்தை எடுத்துக்கொண்டு சத்தம் எட்டாத ஏதாவது ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். பன்றிகளை அவருடைய மாமனார் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அது வருடாந்திர மீன்பிடி விடுமுறை. அப்பாவுக்காகப் போகிறோம் என்று அந்த நால்வரில் பெரியவளுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதாக இருந்தால் ஒரு நாள் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுவோம். நேரம் சொன்னால் போதும், சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் ஒன்றும் இல்லை என்பார்.

பியோரியா வாசி

எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா கொரியப் போருக்குப் போனவர். தொண்ணூறு தாண்டிய வயதில் போன வருடம் காலமானார். குளிர்காலத்தில் என் பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது வாசலுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லிச் சாக்ஸைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் உள்ளே போய்க் கம்பளிச் சாக்ஸ் எடுத்து வந்து மாட்டிவிடுவார். ஆரம்பத்தில் எங்களுக்குப் புரியவில்லை. கொரியாவின் குளிரில் அவருடைய கால்விரல்கள் மரத்துப்போய், சிலவற்றில் உணர்ச்சியே திரும்பவில்லை என்று அவர் மகள் பிறகு சொன்னார்.

கடைசி வருடங்களில் வீட்டோடு ஆள் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து அரசு உதவி உண்டு. மகள் விண்ணப்பித்தார். அவருடைய பணிக் கோப்பே இல்லை என்று பதில் வந்தது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் இருந்த பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் எண்பது சதவீதம் அதில் போய்விட்டது.

மகள் அழுதுகொண்டிருந்தபோது தாத்தா ரொம்ப சாதாரணமாக, கோர்ட்டில் கேட்டாயா என்றார். அந்தக் காலத்தில் ஊர் திரும்பியதும் விடுவிப்புச் சான்றிதழை கவுண்டி கோர்ட் கட்டடத்தில் பதிந்து வைப்பார்கள், நிலப் பத்திரம் பதிகிற மாதிரி. அவருடைய அப்பா கையோடு கூட்டிப்போய்ப் பதிய வைத்திருந்தார். நான்தான் மகளோடு போனேன். தடித்த பேரேட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார்கள். தாத்தாவின் பெயர், பட்டாளத்தில் சேர்ந்த தேதி, வந்த தேதி, தொழில் என்ற இடத்தில் "விவசாயக் கூலி". அந்த ஒரு பக்கத்தின் முத்திரை போட்ட நகலில் வேலை முடிந்தது.

உங்கள் பக்கத்தில் வயதான வீரர் யாராவது இருந்தால், அவர் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். நிறைய குடும்பங்களுக்குக் கோர்ட்டில் ஒரு பிரதி இருக்கும் என்பதே தெரியாது.

கிராமத்து டாக்டர், நெப்ராஸ்கா

வாட்டர்லூ அண்ணா எழுதிய அந்தப் பள்ளித் தோழரைப் படித்ததிலிருந்து சொல்ல வேண்டும் என்று இருந்தது. இப்போதெல்லாம் 988 என்று போன் போட்டு 1-ஐ அழுத்தினால் முன்னாள் வீரர்களுக்கென்றே உள்ள உதவி மையத்தில் எந்த நேரமும் ஆள் கிடைப்பார். வீரர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவரைப் பற்றிக் கவலைப்படும் பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம். பண்ணையை விற்கிற வருடமும் மனைவி இறந்த வருடமும் ரொம்ப ஆபத்தானவை. சும்மா போய் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். இது மருத்துவராகச் சொல்வது.

வாட்டர்லூக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மின்னசோட்டா தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

போர் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள், பயிர், மழை, பழைய டிராக்டர், இதையெல்லாம் கேளுங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள். யாரையாவது கொன்றீர்களா என்று பிள்ளைகள் கேட்டுவிடாமல் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அப்புறம், நவம்பர் 11 வெட்ரன்ஸ் டே. அது பட்டாளத்தில் இருந்த எல்லாருக்கும் உள்ள நாள், அன்றைக்கு வாழ்த்துச் சொல்லலாம். மே மாதக் கடைசித் திங்களில் வரும் மெமோரியல் டே இறந்தவர்களுக்கானது. அன்று உயிரோடு இருப்பவருக்கு வாழ்த்துச் சொன்னால் சங்கடப்படுவார்கள்.

மெமோரியல் டே நிகழ்ச்சிக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், பக்கத்தில் நிற்க இடம் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் காலையில் லீஜியன் ஆட்கள் வேனில் கிளம்பி, சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு சின்ன இடுகாட்டுக்கும் போவார்கள். இறந்த வீரர்களின் சவப்பெட்டி மீது போர்த்திய கொடிகளைக் குடும்பத்தினர் கொடுத்திருப்பார்கள். அவற்றைப் பாதையின் இருபுறமும் கம்பங்களில் ஏற்றியிருப்பார்கள், ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு பெயர். பட்டியலை உள்நாட்டுப் போரிலிருந்து வாசிப்பார்கள். அந்தப் போருக்கு அயோவாவிலிருந்து போனவர்கள் சுமார் 76,000 பேர், திரும்பாதவர்கள் சுமார் 13,000. பெரும்பாலும் நோயில் போனவர்கள். வாசிக்கும் குடும்பப் பெயர்களில் பாதி இன்றைக்கும் அதே சாலைகளின் தபால் பெட்டிகளில் இருக்கும்.

பிறகு மூன்று முறை துப்பாக்கி முழக்கம். வெற்றுத் தோட்டா என்பதால் அந்தப் பழைய எம்-1 துப்பாக்கிகளில் அடுத்தது தானாக ஏறாது, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். எழுபது வயது தாண்டிய விரல்களுக்கு அது லேசு இல்லை. ஆனாலும் ஏழு பேரின் சத்தமும் ஒன்றாக விழ வேண்டும் என்று கொட்டகையில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். முழக்கம் முடிந்ததும் ஊர்ப் பிள்ளைகள் புல்லில் கிடக்கும் தோட்டாக் கூடுகளைப் பொறுக்குவார்கள். நம் பிள்ளைகளும் பொறுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த வருடம் தோள் சரியில்லை, துப்பாக்கி பிடிக்கவில்லை. வேன் ஓட்டுகிறார். அவருடைய பேத்தி பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிப்பவள், முடிவில் வாசிக்கும் டாப்ஸ் இசை அவள் பொறுப்பு. இருபத்து நான்கே சுரங்கள்தான், ஆனால் கொட்டகையில் அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

நண்பகல் வரை கொடி அரைக்கம்பத்தில் இருக்கும், பிறகு முழுக்க ஏற்றுவார்கள். அதன் பிறகு லீஜியன் கூடத்தில் சாப்பாடு, எல்லாரும் ஏதாவது கொண்டுவருவார்கள். நாங்கள் எலுமிச்சை சாதம் எடுத்துப் போகிறோம், காரம் குறைத்துத்தான். கடைசி இடுகாட்டில் மரம் கிடையாது, நல்ல வெயில் அடிக்கும், பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்து வாருங்கள்.